வீல் பேரிங் மாற்றியபின் எரிந்த ஏபிஎஸ் விளக்கு: ஓராண்டுக்கும் மேலான அனுபவம்

முன்பக்க இடது சக்கரத்திலிருந்து எழுந்த இரைச்சலுக்காக எங்கள் காரின் வீல் பேரிங்கை வெளி ஒர்க்‌ஷாப் ஒன்றில் மாற்றினோம். இரைச்சல் நின்றது, ஆனால் வண்டி தெருவைத் தாண்டி வேகமெடுத்ததும் மஞ்சள் நிற ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் வசதி) விளக்கு எரிந்தது. அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தால் மறையும். ஓடத் தொடங்கியதும் திரும்ப வரும். சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரின் வயர் அறுந்திருந்தால் பெரும்பாலும் சாவியைத் திருப்பியவுடனேயே தெரிந்துவிடும் என்பதால், சக்கரம் சுழன்றபின் மட்டும் எரிவது முக்கியமான தடயம்.

சிவப்பு நிற பிரேக் எச்சரிக்கை விளக்கு வேறு கதை. ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்காததாலோ, பிரேக் ஆயில் குறைந்ததாலோ அது எரியலாம். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும், அந்தத் தடுப்பு வசதிதான் இருக்காது. இரண்டும் சேர்ந்து எரிந்தால் முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பகிரும் இபிடியும் செயலிழந்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

ஒர்க்‌ஷாப்பில் சென்சாரை மாற்றினார்கள்; பலனில்லை. எஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் இதற்கு உதவாது. ஏபிஎஸ் தரவைப் படிக்கும் ஸ்கேனரை வேறொரு மெக்கானிக் பொருத்தி ஓட்டிப் பார்த்தபோது, மற்ற மூன்று சக்கரங்களும் ஒரே வேகம் காட்ட, இடது முன்சக்கரம் மட்டும் பூஜ்ஜியத்திலேயே நின்றது. புதிய சென்சாரும் பூஜ்ஜியம் காட்டுகிறதென்றால், அது படிக்க வேண்டிய பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும். இன்றைய பல கார்களில் சென்சார் படிப்பதற்கென்று தனியாகப் பல் வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே (தூசியும் நீரும் புகாமல் மூடும் வளையம்) வடக்கு, தெற்கு துருவங்கள் மாறி மாறிப் பதிந்த காந்த வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து அமைய வேண்டும். எங்கள் வண்டியில் பேரிங்கைத் திருப்பி அழுத்திவிட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நிகழ்கிறது.

பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) வைத்துக் கழற்றிய பேரிங்கை மறுபடி பொருத்தக் கூடாது. ஆகவே புதிதாகவே வாங்கிச் சரியான பக்கம் பொருத்தினோம். அதன்பின் மழைக்காலமும் மலைப்பாதைப் பயணங்களும் கடந்துவிட்டன, விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. இத்தகைய பேரிங் மாற்றும்போது, அதை அழுத்திப் பொருத்தும் முன் ஒரு சிறு பேப்பர் கிளிப்பை இரு பக்கமும் வைத்துக் காட்டும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கிளிப் ஒட்டிக்கொண்டு நிற்கும் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும்.