வேல்ஹெய்ம் வில்லாளிக்கு எதில் செலவு செய்வது: வில்லிலா, அம்பிலா, உடையிலா?

வேல்ஹெய்ம் என்ற வைகிங் வீடியோ கேமில் வேட்டைக்காரராக ஆடத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது "அடுத்து எந்த வில் செய்யலாம்?" என்பதுதான். வில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அம்பைக் கவனியுங்கள் என்பேன். ஸ்வீடனின் அயர்ன் கேட் நிறுவனம் 2021 பிப்ரவரியில் இந்த ஆட்டத்தை வெளியிட்டதிலிருந்து எத்தனையோ அப்டேட் வந்துவிட்டது. அடிப்படைக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது: வில்லின் டேமேஜும் அம்பின் டேமேஜும் கூட்டப்பட்டுத்தான் எதிரி மேல் இறங்கும்.

இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆரம்பத்தில் கிடைக்கும் க்ரூட் போ 22, ஃபைன்வுட் போ 32, ஹன்ட்ஸ்மேன் போ 42, ட்ராகர் ஃபேங் 47 (அதோடு 5 விஷம்). அம்புகளில் மரம் 22, ஃப்ளின்ட் 27, வெண்கலம் 32, இரும்பு 42, அப்சிடியன் 52, நீடில் 62. வில் வரிசையில் மேலே ஏற ஏற 10 அல்லது 5 தான் கூடுகிறது. அம்பு வரிசையிலோ அடியிலிருந்து நுனிவரை 40 வித்தியாசம். ட்ராகர் ஃபேங்கில் மர அம்பு பூட்டினால் விஷத்தை விட்டுவிட்டு 69. ஃபைன்வுட் போவில் நீடில் அம்பு பூட்டினால் 94. மலை ஏறி வெள்ளி தோண்டிச் செய்த வில்லை, பர்ச் மரத்தில் செய்த வில் தோற்கடிக்கிறது.

ஃபைன்வுட் போவா, ஹன்ட்ஸ்மேன் போவா?

ஹன்ட்ஸ்மேன் செய்ய 20 இரும்பு வேண்டும். இரும்பு எப்படி வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணின் கனம் புரியும். எல்டர் என்ற பாஸை (பெரிய எதிரியை) வீழ்த்திச் சாவி வாங்கி, ஸ்வாம்ப் எனும் சதுப்பு நிலத்தின் கல்லறைகளில் சேற்றுக் குவியலைக் கொத்தி, வந்த துண்டுகளைக் கப்பலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இயல்பு அமைப்பில் போர்ட்டல் (இடம்விட்டு இடம் தாவும் வாசல்) வழியாக இரும்பு போகாது. இவ்வளவுக்கும் கிடைப்பது, ஃபைன்வுட் போவைவிட ஒரு அடிக்கு 10 டேமேஜ் அதிகம்.

அதே இரும்பை அம்பாக்கினால்? ஒரே ஒரு இரும்பு, 8 மரம், 2 இறகு போட்டால் 20 இரும்பு அம்பு வரும். ஒவ்வொன்றும் மர அம்பைவிட 20 கூடுதலாக அடிக்கும். ஹன்ட்ஸ்மேனுக்குப் போகிற 20 இரும்பில் 400 அம்பு செய்யலாம். தனியாக ஆடுபவருக்கு அது நெடுநாள் தாங்கும். அம்பு தீர்ந்துபோகும், வில் நிலைத்து நிற்கும் என்ற வாதம் உண்மைதான். ஆனால் 400 அம்பு தீர்வதற்குள் நீங்கள் அப்சிடியன் கிடைக்கும் மலைக்கு ஏறியிருப்பீர்கள்.

போதாததற்கு ஃபைன்வுட் போவை மேம்படுத்த எந்த உலோகமும் வேண்டாம். ஃபைன்வுட், கோர்வுட் என்ற இரு வகை மரமும் மான் தோலும் போதும். ஒவ்வொரு தரத்துக்கும் 3 ஏறும் என்பதால் மூன்றாம் தரத்தில் 38. ஹன்ட்ஸ்மேனின் 42-க்கும் அதற்கும் இடையில் வெறும் 4. ஃபைன்வுட் தரும் பர்ச் மரம் வெட்ட வெண்கலக் கோடரி வேண்டுமே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ட்ரோல் என்ற பூதத்தை பிளாக் ஃபாரஸ்ட் (காடு) எல்லையிலிருந்து மெடோஸ் (புல்வெளி) பக்கம் இழுத்து வந்து, பர்ச் மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். அது வீசும் அடியில் மரம் தானே சாயும். கட்டை பிளப்பதும் அதன் பொறுப்பே. ஓட ஸ்டாமினா (உடல் தெம்பு) மட்டும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹன்ட்ஸ்மேனுக்கு ஒரு நியாயம் உண்டு. எய்யும்போது அது எழுப்பும் சத்தம் குறைவு. ஒளிந்து ஒளிந்து ஒவ்வொன்றாக வீழ்த்தும் பாணியில் ஆடுபவருக்கு அது பெரிய விஷயம். நண்பர்கள் குழுவாக ஆடி இரும்பு குவிந்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். தனியாள் என்றால் நான் இதைத் தாண்டி நேரே ட்ராகர் ஃபேங்குக்குப் போவேன். அதற்கு 20 வெள்ளியும் ஸ்வாம்ப் மரங்களில் தொங்கும் கக் என்ற பச்சைப் பிசுபிசுப்புப் பொருள் பத்தும் வேண்டும். அப்படியானால் ஸ்வாம்ப் பாஸான போன்மாஸை முடித்து, வெள்ளி இருக்கும் இடத்தைக் காட்டும் விஷ்போன் கையில் இருக்கும் கட்டத்துக்கு வந்திருப்பீர்கள். அங்கே வில் மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

விஷ அம்பா, நீடில் அம்பா?

காகிதத்தில் பார்த்தால் விஷ அம்புதான் ராஜா: 26 குத்தும் டேமேஜ், 52 விஷம், மொத்தம் 78. நீடிலின் 62-ஐவிட அதிகம். ஆனால் அந்த 52 மெதுவாகக் கரைந்து இறங்கும். அது இறங்கி முடிவதற்குள் அதே எதிரி மேல் இன்னொரு விஷ அம்பு விட்டால் விஷம் இரட்டிப்பாகாது. இரண்டாவது அம்பில் 26 மட்டும்தான் முழுதாகப் பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் விஷ அம்பு கூட்டத்துக்கு. நாலு பேர் துரத்தி வந்தால் ஆளுக்கு ஒன்று விட்டுவிட்டு ஓடுங்கள். பின்னால் அவை தானாகக் கரையும். ஒற்றைப் பெரிய எதிரிக்கு முதல் அம்பு விஷம், அடுத்ததெல்லாம் அப்சிடியன் அல்லது நீடில் என்று மாற்றிக்கொள்ளலாம். எலும்புக்கூடுகள் மேல் விஷம் ஏறவே ஏறாது. குத்தும் அம்பும் அவற்றிடம் பாதிதான் எடுபடும். எலும்புக்கூடுகள் நிறைந்த புரியல் சேம்பர் கல்லறைகளிலும் போன்மாஸ் முன்னாலும் வில்லை முதுகில் போட்டுவிட்டு கதாயுதத்தை எடுப்பவர்தான் புத்திசாலி வில்லாளி.

ஃப்ராஸ்ட் அம்புக்கும் இதே எண்கள்தான், 26-ம் 52-ம். அடிபட்டவர் வேகம் குறைந்துவிடுவதால், துரத்துகிறவரிடமிருந்து தூரம் காப்பாற்ற இதைவிட நல்லது இல்லை. கத்தி, கோடரி பிடிக்கும் கூட்டாளிகளுக்கும் உதவி. மலையில் பறக்கும் ட்ரேக்குகளுக்கு மட்டும் வேண்டாம், குளிர் அவற்றைத் தொடாது. நெருப்பு அம்பு எண்ணிக்கையில் மெலிந்தது, 11-ம் 22-ம். ஆனாலும் எல்டர் நெருப்புக்கு அஞ்சும் பாஸ் என்பதால், அந்தச் சண்டைக்கு மட்டும் ஒரு பை நிறையக் கொண்டுபோகலாம். செலவு ரெசின் (மரப்பிசின்) தானே.

நீடிலின் சிக்கல் அதைச் சேகரிப்பது. ப்ளெயின்ஸ் சமவெளியில் பறக்கும் டெத்ஸ்கீட்டோ என்ற கொசுவிடமிருந்துதான் முள் கிடைக்கும். 4 முள், 2 இறகுக்கு 20 அம்பு. அந்தப் பூச்சிக்கு உயிர் 10 தான், எந்த அம்பு பட்டாலும் விழும். ஆனால் அது ஒருமுறை கொட்டினால் 90. இந்த இடத்தில்தான் உடை விஷயம் நுழைகிறது.

ட்ரோல் உடையா, ரூட் உடையா?

வில்லாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது இதில்தான். ட்ரோல் தோல் உடை முழுதாக அணிந்தால் ஸ்னீக் (ஒளிந்து நகரும்) திறன் 15 கூடும், நடை வேகமும் குறையாது. வேரால் ஆன ரூட் உடை முழுதாக அணிந்தால் வில் திறன் 15 கூடும்.

ட்ரோல் கட்சியின் வாதம் எளிது. பார்க்காத எதிரியை அடித்தால் மூன்று மடங்கு டேமேஜ். ட்ரோலையே எடுத்துக்கொள்வோம்: உயிர் 600, குத்தும் ஆயுதத்துக்குப் பலவீனம், அதாவது ஒன்றரை மடங்கு. ஃபைன்வுட் போ, வெண்கல அம்பு சேர்ந்து 64. ஒளிந்து எய்தால் 192, பலவீனமும் சேர்ந்தால் 288. திறன் முழுதாக வளர்ந்தவரின் கணக்கு இது. தொடக்கத்தில் இவ்வளவு வராது. இருந்தாலும் முதல் அம்பிலேயே கிட்டத்தட்ட பாதி உயிர் போகிறது என்றால் எதிரி பார்க்கவில்லை என்று காட்டும் கண் ஐகான் மூடியிருக்கும்படி தவழ்வது வீண் வேலை இல்லை.

ஆனால் அது முதல் அம்புக்கு மட்டும். இரண்டாவது அம்பிலிருந்து எவ்வளவு சீக்கிரம் நாண் இழுக்கிறீர்கள் என்பதே கணக்கு. வில் திறன் பூஜ்யத்தில் முழு இழுப்புக்கு 2.5 விநாடி; 100-ல் அரை விநாடி. ரூட் உடை தரும் 15 புள்ளி, ஒவ்வொரு இழுப்பிலும் சுமார் 0.3 விநாடியைக் கழிக்கிறது. நாண் இழுத்துப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் ஸ்டாமினா கரைவதால், அந்த 0.3 ஸ்டாமினாவிலும் மிச்சம்தான்.

என் ஓட்டு ரூட்டுக்கு. காரணம் அந்த 15 மட்டும் இல்லை. ரூட் முகமூடி விஷத்தைத் தாங்கும், அதனால் ஸ்வாம்பில் விஷம் தாங்கும் மீட் (தேன் பானம்) குடித்துக்கொண்டே திரிய வேண்டாம். மார்புக் கவசம் குத்தும் டேமேஜைப் பாதியாக்கும். அந்த 90 கொட்டு பாதியாவது நீடில் வேட்டைக்காரருக்கு வாழ்வா சாவா என்ற வித்தியாசம். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ட்ரோல் செட்டில் மேலங்கியும் ஒரு பகுதி, அதைக் கழற்றினால் ஸ்னீக் போனஸ் போய்விடும். மலைக்கு ஓநாய்த் தோல் மேலங்கி போட வேண்டுமென்றால், ஒன்று குளிர், இல்லையென்றால் போனஸ், எதையாவது விட வேண்டும். ரூட் செட் மூன்றே துண்டு. மேலங்கி உங்கள் விருப்பம். ரூட்டின் குறை நெருப்பு. தீ வீசும் எதிரி முன்னால் அந்த மார்புக் கவசத்தோடு நிற்காதீர்கள். வேர் கிடைக்க ஸ்வாம்பில் அபாமினேஷன் என்ற மர அரக்கனோடு மோத வேண்டும் என்பதால், அதுவரை ட்ரோல் உடைதான் கதி.

திறன் வளர்ப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு சாவிலும் எல்லாத் திறனிலும் 5 சதவீதம் போகும். 60-ல் இருப்பவருக்கு 3 புள்ளி. மேலே போகப் போக அதைத் திரும்பப் பெறுவது கடினம், எனவே வீரம் காட்டிச் சாவதைவிட ஓடிப்போவது லாபம். வேட்டைக்குக் கிளம்புமுன் கூரையின் கீழ் நெருப்பருகே உட்கார்ந்து ரெஸ்டட் (ஓய்வெடுத்த நிலை) வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாமினா இரட்டை வேகத்தில் திரும்பும், திறன் ஏறுவதும் 50 சதவீதம் கூடும். சாப்பாட்டில் மூன்றில் குறைந்தது இரண்டு கேரட் சூப் போல ஸ்டாமினா தருவதாக இருக்கட்டும்.

ஈட்டி எறிபவர்களும் இருக்கிறார்கள். எறிந்ததும் அடி நன்றாகத்தான் இருக்கும்; பிறகு அதைப் பொறுக்க எதிரியின் காலடிக்கே நடக்க வேண்டும். துணைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வில்லா, ஆர்பலெஸ்டா?

2022 டிசம்பரில் மிஸ்ட்லேண்ட்ஸ் என்ற புதிய பகுதி வந்தபோது ஆர்பலெஸ்ட் என்ற குறுக்குவில்லும் வந்தது. ஒரே அடியில் 200, அதோடு போல்ட்டின் (குறுக்குவில்லின் அம்பு) டேமேஜ். எலும்பு போல்ட் 32 என்றால்கூட 232. ட்ராகர் ஃபேங், நீடில் கூட்டு 109 தான். எண்ணைப் பார்த்து மயங்கிப் பலர் வில்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

மீண்டும் பூட்ட ஆகும் நேரத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் மூன்று விநாடிக்கு மேல். அதற்குள் திறன் வளர்ந்த வில்லாளி பல அம்பு விட்டிருப்பார். தவிர, குறுக்குவில்லுக்குத் தனித் திறன். இத்தனை நாள் வளர்த்த வில் திறன் அங்கே செல்லாது, ரூட் உடையின் 15-ம் செல்லாது. பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வில்லையே தொடாமல் வாளும் கேடயமுமாக மிஸ்ட்லேண்ட்ஸ் வரை வந்தவருக்கு ஆர்பலெஸ்ட் வரப்பிரசாதம். திறன் இல்லாமலே கனமான அடி. வில் திறன் 50-ஐத் தாண்டியவர் அதை முதல் அடிக்கு மட்டும் எடுத்துச் செல்லலாம்: பூட்டித் தயாராக வைத்து, ஒளிந்து ஒரு மும்மடங்கு அடி, உடனே வில்லுக்கு மாற்றம். போல்ட்டுகளும் அம்புகளும் சேர்ந்து பையில் இடம் பிடிக்கும் என்பதால் நீண்ட பயணத்துக்கு நான் வில்லோடு மட்டும்தான் கிளம்புவேன்.