மனரோலாவுக்குப் பணம் கட்டி வொலாஸ்த்ராவில் தங்கினோம்

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் இருக்கும் சிங்க்வே தெர்ரேக்கு நடைப்பயணம் போவதற்காக அறை தேடிக்கொண்டிருப்பவர்கள், யாருக்கேனும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடந்த மே மாதம் நானும் என் மனைவியும் அங்கே நான்கு இரவுகளுக்கு அறை எடுத்து ஏமாந்தோம். 240 யூரோவும் ஒரு முழுப் பகலும் போயின. பணத்தைவிட அந்தப் பகல்தான் இன்னும் உறுத்துகிறது.

மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்ததுதான் சிங்க்வே தெர்ரே. அவற்றில் நாங்கள் மனரோலாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலாவுக்கு வரும் 'காதல் பாதை', 2012இல் பாறை சரிந்து மூடப்பட்டு, 2024இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதை ஒரு மாலையில் நடந்து முடித்துவிட்டு, மற்ற நாள்களில் ரயிலேறி மொந்தெரோஸ்ஸோ வரை போய் அங்கிருந்து வெர்னாட்சாவுக்கும் கொர்னீலியாவுக்கும் நடக்கலாம் என்பது எங்கள் கணக்கு. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு என்பதால், நாள் முழுதும் நடந்த பிறகு அறைக்குத் திரும்ப மறுபடி மலையேற வேண்டாத இடமாகத் தேடினோம்.

வலைத்தளத்தில் கிடைத்த விளம்பரம் அப்படியே எங்களுக்காக எழுதியதுபோல இருந்தது: 'மனரோலா, கடல் பார்த்த மாடம், ஐந்து நிமிடத்தில் ரயில் நிலையம்.' பாறை மேல் அடுக்கடுக்காக நிற்கும் வண்ண வீடுகளின் படம் ஒன்றும் இருந்தது. அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு எதிரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பொன்ஃபீலியோ முனையில் நின்று எடுப்பது அது. மனரோலாவில் உள்ள ஒரு வீட்டின் மாடத்திலிருந்து மனரோலா முழுவதும் எப்படித் தெரியும் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டாவது தவறும் என்னுடையதுதான். அந்தத் தளத்தில் நான்கு இரவுக்கு 540 யூரோ காட்டியது. அறைக்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்டு எழுதியபோது, தளத்தின் தரகு இல்லாமல் நேரடியாக வங்கியில் போட்டால் 480 யூரோவுக்கே தருவதாக அவர் பதில் அனுப்பினார். 60 யூரோவுக்கு ஆசைப்பட்டு முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன். தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால் முறையிட ஓர் இடமாவது இருந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

போய்ச் சேர்ந்த அன்று மனரோலா நிலையத்தில் இறங்கி, சுரங்கவழி நடைபாதையைக் கடந்து ஊருக்குள் வந்து தொலைபேசியில் அழைத்தோம். பேருந்து நிறுத்தத்துக்கு வாருங்கள் என்றார். ஐந்து நிமிடத் தூரத்துக்குப் பேருந்து எதற்கு என்று கேட்டதற்கு, 'பைகள் கனமாக இருக்குமே' என்று அன்பாகச் சொன்னார். பேருந்து வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே இருந்தது. இறங்கிய ஊரின் பெயர்ப் பலகையில் வொலாஸ்த்ரா என்று இருந்தது. அது கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் மேலே, மனரோலாவின் தலைக்கு மேல், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தனி ஊர். நிலப்படத்தில் பார்த்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கரையில் ஏமாற்று வேலை முழுவதும் அந்த உயரத்தில்தான் ஒளிந்திருக்கிறது. தூரத்தை மட்டும் கேட்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

இது மனரோலா இல்லையே என்று கேட்டபோது, இரண்டுமே ரியோமஜ்ஜோரே நகராட்சிக்குள் வருபவை, அதனால் தான் பொய் சொல்லவில்லை என்றார். நகராட்சி பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கீழே இரவு உணவு சாப்பிட்டுவிட்டு வந்தால் கடைசிப் பேருந்து போயிருக்கும். மிச்சம் இருப்பது நூற்றுக்கணக்கான கற்படிகள். முதல் இரவே அவற்றை ஏறினோம். என் மனைவி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் கோபப்பட்டதும் அவர் உடனே இறங்கி வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு மனரோலாவிலேயே வேறு அறைக்கு மாற்றித் தருவதாகவும், பைகளைக் கட்டித் தயாராக வைக்கும்படியும் சொன்னார். பத்து மணிக்கு வரவில்லை. பன்னிரண்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. பிறகு மூன்று மணி என்றது. அதன் பின் தொலைபேசி எடுக்கப்படவே இல்லை. வெயில் தெளிவாக அடித்த அந்த நாளில் நடைக்குப் போகாமல் கட்டிய பைகளோடு காத்திருந்தோம். அடுத்த நாள் காலை அறையைக் காலி செய்துகொண்டு பக்கத்துக் கடலோர ஊரான லெவாந்தோவுக்குப் போய்விட்டோம். மீதி இரண்டு இரவுக்கான 240 யூரோவைத் திருப்பிக் கேட்டதற்கு, நீங்களாகவே வெளியேறினீர்கள் என்ற ஒருவரிப் பதிலோடு முடித்துக்கொண்டார். தங்கும் வரி என்று ரொக்கமாக வாங்கிய பணத்துக்கும் ரசீது தரவில்லை. அனுப்பிய பணத்தை மீட்க வழியில்லை என்று எங்கள் வங்கி கைவிரித்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வொலாஸ்த்ரா மோசமான ஊர் அல்ல. கொர்னீலியாவுக்கும் மனரோலாவுக்கும் இடையிலான கடலோரப் பாதை பல ஆண்டுகளாக மூடிக் கிடப்பதால், நடப்பவர்கள் அந்த ஊர் வழியாகத்தான் மலை மேல் போகிறார்கள். சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் தாங்கி நிற்கும் படிக்கட்டு வயல்களின் ஓரமாகப் போகும் அந்தப் பாதையைப் போல அழகானது அந்தப் பக்கத்தில் குறைவு. நல்ல முழங்காலும், அறையிலேயே சமைத்துச் சாப்பிடும் எண்ணமும் உள்ளவர்கள், தெரிந்தே அங்கே தங்கலாம். எங்களுக்கு அதைத் தெரிந்து முடிவு செய்யும் வாய்ப்பு தரப்படவில்லை என்பதுதான் குறை.

இதே குறையைக் கொர்னீலியா பற்றிய விளம்பரங்களிலும் பார்க்கிறேன். நிலையம் அருகில் என்று போட்டிருப்பார்கள்; நிலையம் கடலோரத்திலும் ஊர் சுமார் 100 மீட்டர் மேலேயும் இருக்கின்றன, நடுவே ஏறத்தாழ 380 படிகள். சிறு பேருந்து உண்டு, ஆனால் அதன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மொந்தெரோஸ்ஸோதான் ஓரளவு சமதரை. ஐந்து ஊருக்குள் இல்லாவிட்டாலும், ரயிலில் சில நிமிடத் தொலைவில் இருக்கும் லெவாந்தோ எங்களுக்கு நன்றாகவே ஒத்துவந்தது.

பணம் அனுப்பும் முன் தெருப் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இத்தாலியில் குறுகிய கால வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு அறைக்கும் தேசிய அடையாளக் குறியீட்டு எண் இருக்க வேண்டும். விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் அதைக் காட்ட வேண்டும். எங்கள் விளம்பரத்தில் அது இல்லை என்பதை லெவாந்தோ விடுதியின் வாசலில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

இதை எழுதுவதற்கு முன் அந்த விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தேன். இப்போது ஊர்ப் பெயர் ரியோமஜ்ஜோரே என்று மாறியிருக்கிறது. குறியீட்டு எண் இன்னும் இல்லை. படம் மட்டும் அதே பொன்ஃபீலியோ முனைப் படம்.