துளை போடும் முன் இரண்டு நாள்: எம்இபி (குளிர்சாதனம், மின்சாரம், குழாய்) வடிவமைப்பாளர்களுக்கான கட்டமைப்பு வகுப்பு

சென்ற வருடம் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் வடிகால் குழாய்க்காகக் கோர் கட்டிங் (கான்கிரீட்டை உருளையாகத் துளைத்தெடுப்பது) செய்தார்கள். வெளியே எடுத்த கான்கிரீட் உருளையின் ஓரத்தில், வெட்டுப்பட்ட 16 மி.மீ. கம்பி புது நாணயம் போல மின்னியது. இடத்தைக் குறித்துக் கொடுத்த வரைபடம் என்னுடையது. பதினோரு வருடங்களாகக் குளிர்சாதனமும் குழாய்த்தடமும் வரைந்து வருகிறேன். பீமுக்குள் கம்பி எதற்காக எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த உறுத்தலோடுதான் கிண்டியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்த இந்த வகுப்பில் சேர்ந்தேன். கட்டணம் 6,500 ரூபாய்.

நடத்தியவர் ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர். முதல் ஒரு மணி நேரம் சூத்திரம் எதுவும் எழுதவில்லை. நீளமான நுரைத் துண்டின் பக்கவாட்டில் பேனாவால் குத்துக்கோடுகள் போட்டு, இரண்டு செங்கல் மேல் வைத்து, நடுவில் என்னை அழுத்தச் சொன்னார். மேலே கோடுகள் நெருங்கின, கீழே விலகின, பாதி உயரத்தில் மட்டும் இடைவெளி மாறவே இல்லை. அடிப்பக்கத்தில் பிளேடால் கீறியதும் நுரை வாய் பிளந்தது. பாதி உயரத்தில் துளை போட்டபோது அப்படி எதுவும் ஆகவில்லை. பிறகு மூன்றாவது செங்கலை நடுவில் வைத்து இரு பக்கமும் அழுத்தினார். இப்போது நடுச்செங்கலுக்கு மேலே, மேற்பக்கம் பிளந்தது. தூணைத் தாண்டித் தொடரும் பீமில் அந்த இடத்தில் கம்பி ஏன் மேலே கூடுதலாக ஓடுகிறது என்று எனக்குப் புரிந்த நிமிடம் அது. தூணை ஒட்டி வெட்டுவிசை (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) அதிகம், அங்கே பாதி உயரத்திலும் துளை வேண்டாம் என்பதையும் அந்த நுரையை வைத்தே காட்டினார்.

எங்கள் சங்கடத்தையும் அவர் அறிந்திருந்தார். வடிகால் குழாய் நூற்றுக்கு ஒன்று சரிவில் 12 மீட்டர் ஓடினால் 120 மி.மீ. இறங்கிவிடும், முதல் பீமில் நடு உயரத்தில் இருக்கும் ஸ்லீவ் (குழாய் நுழைவதற்காகப் பீமில் பதிக்கும் உறை) கடைசி பீமில் அடிக்கம்பியை நெருங்கும். சரிவைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பீமிலும் ஸ்லீவ் நிற்கும் உயரத்தை எழுதிக் கொடுங்கள் என்றார். இத்தனை காலம் நான் குழாயின் விட்டத்தை மட்டுமே எழுதிக் கொடுத்து வந்தேன்.

எடை பற்றிய பகுதியும் அருமை. ஐஎஸ் 875 தரநிலைப்படி ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கணக்கில் எடுக்கும் மாறும் பளு (ஆட்கள், பொருள்கள் போல வந்து போகும் எடை) சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 5 சதுர மீட்டர் தளத்தில் 10,000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் சதுர மீட்டருக்கு 2,000 கிலோ. குளிர்சாதனத்துக்காக நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லருக்கும் அப்படித்தான்: லாரியில் வந்திறங்கும் எடையைக் கொடுக்கக் கூடாது, நீர் நிரம்பி ஓடும்போது உள்ள எடையையும் அதைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் கீழும் இறங்கும் பங்கையும் தர வேண்டும்.

முன்னிழுவிசை ஸ்லாப் (உள்ளே எஃகு இழைகளை இழுத்துப் பூட்டிய கான்கிரீட் தளம்) பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறியது. 12.7 மி.மீ. இழை ஒன்றைக் கையில் கொடுத்தார். இதைச் சுமார் 14 டன் விசையில் இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள், டிரில் பிடித்து நிற்பவர் பிழைக்க வேண்டுமானால் ஸ்கேன் செய்யாமல் தொடாதீர்கள் என்றார். வகுப்பு முழுவதும் அமைதியாகிவிட்டது.

குறைகளும் உண்டு. நிலநடுக்கத்தில் தொங்கும் குழாய்கள், கேபிள் டிரேக்களைப் பக்கவாட்டில் கட்டிப்பிடிப்பது பற்றி இருபது நிமிடம்தான். நிலநடுக்கத் தரநிலையின் 2002 திருத்தத்திலேயே சென்னை, ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு வந்துவிட்டது. இதற்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். ஸ்லாபுக்குள் மின்கம்பிகளுக்காகப் போகும் கான்டூயிட் குழாய்களின் நெருக்கத்தையும் வேகமாகக் கடந்துவிட்டார்கள். மின்பிரிவினர் ஏமாற்றத்தோடு போனார்கள். அச்சிட்ட குறிப்பேட்டில் படங்கள் மங்கல்.

போகிறவர்கள் தங்கள் சொந்த வரைபடம் ஒன்றைக் கட்டாயம் கொண்டு போங்கள். ஞாயிறு மதியம் அவர் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பார்க்கிறார். என் வரைபடத்தில் பதினான்கு துளைகளில் மூன்றைச் சிவப்பில் வட்டமிட்டார். மூன்றும் தூணை ஒட்டியவை. திங்கள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அவற்றை நகர்த்தி, திருத்திய தாளைக் கட்டமைப்புப் பொறியாளருக்கு அனுப்பினேன்.