பன்றிக் கல்லீரல் பற்றிக் கேட்கப் போனோம்: குடும்ப ஆலோசனைச் சேவை எப்படி?

அண்ணன் கல்லீரலுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார். அதனால் மருத்துவமனையின் குடும்ப ஆலோசனைக்கு நானும் அண்ணியும் போனோம். "பன்றியின் கல்லீரலை வைக்க முடியாதா டாக்டர்?" என்று அண்ணி எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டார்.

மருத்துவர் மழுப்பவில்லை. ஒரு தாளில் ரத்தக்குழாய் வரைந்து, உள்ளே ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்களை (தட்டணுக்களை) புள்ளி புள்ளியாக வைத்தார். பன்றிக் கல்லீரலின் செல்கள் நம் பிளேட்லெட்களை விழுங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் நாலு புள்ளிதான் மிச்சம். போதாததற்கு, ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வதும் கல்லீரல்தான். பன்றிச் சிறுநீரகத்தைப் பொருத்துவதைவிட இது ஏன் சிக்கல் என்று அப்போதுதான் பிடிபட்டது.

2024இல் சீனாவில் 71 வயதுக்காரர் ஒருவருக்கு, 10 மரபணு மாற்றங்கள் செய்த பன்றிக் கல்லீரலை அவருடைய சொந்தக் கல்லீரலுக்குத் துணையாகப் பொருத்தினார்கள். பித்தநீர் சுரந்தது. ஆனால் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்ததால் 38ஆம் நாள் அதை எடுத்துவிட்டார்கள். அவர் மொத்தம் 171 நாட்கள் வாழ்ந்தார். மருத்துவர் இதை முழுசாகச் சொன்னார். கையில் கொடுத்த கையேட்டிலோ பொருத்திய செய்தி மட்டும்தான், எடுத்த செய்தி இல்லை. இது பெரிய குறை. நம்பி வருகிறவர்களிடம் பாதியை மறைக்கக் கூடாது.

அப்புறம், பன்றிக் கல்லீரலை உடலுக்கு வெளியே வைத்து, நோயாளியின் ரத்தத்தை அதன் வழியே ஓட்டும் முறையும் சோதனையில் இருக்கிறது. மனிதக் கல்லீரல் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க அது உதவலாம்.

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். அண்ணி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.