சான் மர்சானோவா, ஆமிஷ் பேஸ்ட்டா?

சாஸுக்கென்று தோட்டத்தில் தக்காளி போடுகிறவர்கள் முதலில் தேடுவது சான் மர்சானோ விதையைத்தான். பெயர் அப்படி. இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே, வெசூவியஸ் எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் விளையும் ரகம். அங்கே விளைந்து டப்பாவில் அடைக்கப்படும் பழத்துக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு. ஆனால் விதைப் பொட்டலத்தோடு அந்த மண் வருவதில்லை.

ஆமிஷ் பேஸ்ட் அமெரிக்காவின் விஸ்கான்சினில், நவீன வசதிகளை ஒதுக்கி எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்கள் வளர்த்துவந்த நாட்டுத் தக்காளி ரகம். 1980களில் விதை சேமிப்பவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பரவியது.

இரண்டையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சான் மர்சானோவில் பெரும்பாலும் இரண்டே அறை, கொஞ்சம் விதை, மற்றதெல்லாம் சதை. பலகையில் ஈரம்கூட அவ்வளவாகத் தங்காது. ஆமிஷ் பேஸ்ட் அடி கூம்பிய குண்டுப் பழம். ஒன்றே 200 கிராமைத் தாண்டும், வெட்டினால் சாறு ஓடும். சாஸோ தொக்கோ, வற்ற வைக்கக் கூடுதல் நேரம் அடுப்படியில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் பச்சையாக உப்பு தொட்டுத் தின்ன இதுதான். சான் மர்சானோவைப் பச்சையாகத் தின்றால் சப்பென்று இருக்கும்.

எனக்குச் சான் மர்சானோவிடம் கசந்தது வேறு விஷயத்தில். நான்கு நாள் தண்ணீர் விடாமல் ஊருக்குப் போய்வந்து பார்த்தால், முதல் கொத்தில் பாதிக் காய்கள் அடிப்பக்கம் கறுத்து, தோல் போலக் காய்ந்து கிடந்தன. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) எட்டாததால் வருவது இது. மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும், அதைக் காய்க்குக் கொண்டு சேர்ப்பது தண்ணீர்தானே. ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்றால் நீள ரகங்கள்தான் முதலில் அடிவாங்கும். வைக்கோல் மூடாக்கு போட்டு, தண்ணீரைச் சீராக விட்ட பிறகு வந்த காய்கள் தப்பின. ஆமிஷ் பேஸ்ட்டுக்கும் இது வரும். என் பாத்தியில் குறைவு.

இரண்டுமே ஆள் உயரம் தாண்டும் கொடி. ஆமிஷ் பழத்தின் கனத்துக்கு மெல்லிய குச்சி தாங்காது. கொடி கட்ட நேரமில்லை என்றால் ரோமா போடுங்கள். 1950களில் அமெரிக்க வேளாண்துறை உருவாக்கிய குட்டைச் செடி. பழம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்துவிடும். பாரம்பரிய ரகம் இல்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

இந்த வருஷம் எனக்கு மூன்று ஆமிஷ், ஒரே ஒரு சான் மர்சானோ. அந்த ஒன்று தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.