டிவி அறைக்கு எந்தச் சுவர் நிறம்: அடர் சாம்பலா, ஐவரியா, இடைநிறமா?

வீட்டில் ஒரு படுக்கையறையைக் குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கும் அறையாக மாற்றுவது என்று முடிவானதும், எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ஷேடு கார்டைத்தான். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: வரப்போவது டிவியா, புரொஜெக்டரா? சுவர் நிறம் அதைப் பொறுத்தது.

டிஜிட்டல் தியேட்டரில் திரையின் வெண்மைக்கு வகுத்திருக்கும் அளவு 48 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). வீட்டில் மாட்டுகிற சாதாரண எல்.இ.டி. டிவியே 250, 300 நிட்ஸ் தரும். டிவிக்கு ஒளியும் கறுப்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன. புரொஜெக்டர் அப்படியில்லை, எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது, ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. வெயில் காட்சி ஒன்று ஓடும்போது திரையிலிருந்து கிளம்புகிற ஒளி வெள்ளைச் சுவரிலும் சீலிங்கிலும் பட்டு மறுபடி திரைக்கே வந்து விழுகிறது. இருட்டாக இருக்கவேண்டிய மூலையெல்லாம் சாம்பல் பூத்துவிடும். பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நல்ல புரொஜெக்டர் வாங்கினாலும், வெள்ளை அறையில் அதன் கறுப்பு வெளுத்துத்தான் போகும்.

சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஒரு எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. நம் வீடுகளில் வழக்கமாக அடிக்கிற ஐவரி, கிரீம் எல்லாம் 70, 80 பக்கம் வரும். சார்கோல் எனப்படும் அடர் சாம்பல் 10ஐ ஒட்டி நிற்கும். சில நிறுவனங்களின் ஷேடு கார்டிலேயே இந்த எண் இருக்கும். இல்லையென்றால் கடையில் கேளுங்கள்.

நான்கு சுவரும் அடர் நிறம்

புரொஜெக்டர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், அதுவும் சீலிங்கோடு சேர்த்து. சுவரையெல்லாம் அடர்த்தியாக்கிவிட்டு சீலிங்கை வெள்ளையாக விடுபவர்கள் நிறைய. திரைக்கு மிக அருகில் இருக்கிற பெரிய வெள்ளைப் பரப்பு சீலிங்தான். முழு சீலிங்குக்கும் மனம் வரவில்லையா, திரைப் பக்கம் 4 அடிக்காவது அடியுங்கள். அந்த 4 அடியிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வீட்டில் எழும் மறுப்புகள் இரண்டு. "கறுப்பு அடிச்சா ரூம் கொதிக்கும்" என்பது ஒன்று. உள்சுவரின் நிறத்துக்கும் அறையின் சூட்டுக்கும் பெரிய தொடர்பு இல்லை. சூடு மொட்டைமாடி வழியாகவும் மேற்குப் பார்த்த வெளிச்சுவர் வழியாகவும்தான் உள்ளே இறங்குகிறது. இன்னொன்று, கறுப்பு ஆகாது என்பது. அதை நான் வாதிட்டு வெல்லப் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு மனம் ஒப்பாத அறையில் அவர்கள் உட்கார மாட்டார்கள், அப்புறம் அது குடும்ப அறையே இல்லை. அடர் நீலமோ கரும்பச்சையோ அடித்தால் விளக்கை அணைத்த பிறகு ஏறக்குறைய அதே இருட்டுதான்.

மெரூன் கேட்பவர்களும் உண்டு, பழைய தியேட்டர் நினைவில். அதில் நியாயம் இருக்கிறது. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுத்துப்போகும். பர்கின்யே விளைவு என்று இதற்குப் பெயர். ஆனால் 10க்கு 12 அடி அறையில் பக்கச் சுவர் திரைக்கு மிக நெருக்கம். வெளிச்சமான காட்சிகளில் அந்தச் சிவப்பு திரையில் ஏறி, முகங்கள் லேசாகச் சிவந்து தெரியும். சாம்பலில் இந்தத் தொல்லை இல்லை.

செலவையும் சொல்ல வேண்டும். அடர் ஷேடுக்கு இரண்டு கோட் பல நேரம் போதாது, மூன்றாவது கேட்கும். பட்டி பார்த்ததில் இருக்கிற சின்ன மேடு பள்ளமும் அதில் காட்டிக்கொடுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். நிழல் விழுகிற இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுப் பெயிண்டரிடம் காட்டிவிட்டால் அவர் அன்றைக்கே சரிசெய்துவிடுவார்.

ஐவரிச் சுவர், டிவிக்குப் பின்னால் மட்டும் அடர் நிறம்

இப்போது அதிகம் நடப்பது இதுதான். டிவிக்கு இது போதும். பகலில் பாட்டி சீரியல் பார்க்க, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத, அறை வெளிச்சமாக இருக்கும். செலவும் குறைவு. குறை எங்கே என்றால் எதிர்ச்சுவரில். ஜன்னல் வெளிச்சத்தில் பளீரென்று இருக்கும் ஐவரிச் சுவர் அப்படியே டிவி கண்ணாடியில் தெரியும்; இரவுக் காட்சியில் கதாநாயகனோடு உங்கள் காலண்டரும் சேர்ந்து தெரியும். அடர் நிறத்தை ஒரே சுவரில்தான் அடிக்கப்போகிறீர்கள் என்றால், டிவிச் சுவரைவிட அதற்கு எதிர்ச்சுவருக்கு அடிப்பது சில அறைகளில் கூடுதல் பயன் தரும். யாரும் இதைச் சொல்வதில்லை.

டிவிக்குப் பின்னால் ஆரஞ்சு, மயில் நீலம் போன்ற அழுத்தமான நிறம் வேண்டாம். கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும். ஆரஞ்சுச் சுவருக்கு முன்னால் படம் நீலம் பாய்ந்ததுபோல் தோன்றும். சினிமாவுக்கு நிறத் திருத்தம் செய்யும் அறைகளில் சுவர் சாதாரணச் சாம்பலாக இருப்பது இதனால்தான். பளபளக்கும் மார்பிள் ஷீட் ஒட்டுவது இப்போது பரவிவருகிறது. படம் பார்க்கும் அறைக்கு அதைவிடப் பொருந்தாத ஒன்று இல்லை, டிவியின் ஒளியும் டியூப்லைட்டும் அதில் கோடுகோடாக மின்னிக்கொண்டே இருக்கும்.

இடைநிறம்

எல்.ஆர்.வி. 25 முதல் 40 வரை வரும் சாம்பல் கலந்த பழுப்பு, மங்கிய ஆலிவ், களிமண் நிறம் போன்றவை. டிவி வைத்திருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான்: நான்கு சுவருக்கும் ஒரே இடைநிறம், சீலிங்குக்கு அதே ஷேடில் இரண்டு படி வெளிர். பகலில் குகை மாதிரி இருக்காது, இரவில் கண்ணையும் கூசாது. புரொஜெக்டருக்கு இது அரைகுறைத் தீர்வுதான்; திரைச்சுவரையும் முன் சீலிங்கையும் அடர்த்தியாக்கிக்கொண்டால் சமாளிக்கலாம்.

இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும் மேட் ஃபினிஷ் எடுங்கள். பளபளப்பான அடர் சாம்பலைவிட மேட்டான இடைச்சாம்பல் படத்துக்கு நல்லது. ஷீன் உள்ள சுவர் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் திரையின் ஒளியைக் கண்ணாடிபோல் காட்டும். மேட்டில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் கைவைத்த அழுக்கை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால், தேய்த்த இடம் மட்டும் மின்னத் தொடங்கிவிடும். அடர் நிறத்தில், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று தெரியும். அதனால் கழுவக்கூடிய மேட் எமல்ஷன் என்றே கேட்டு வாங்குங்கள். விலை சற்று அதிகம்தான். டிஸ்டம்பர் இங்கே வேண்டவே வேண்டாம், அடர் டிஸ்டம்பரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஓதம் ஏறும் சுவரானால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உப்புப் பூத்தால் வெள்ளைச் சுவரில் பாதி மறையும், அடர் சுவரில் மறையவே மறையாது.

நிறத்தைக் கடையின் டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் சாய்ந்த வெள்ளை. உங்கள் அறையில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு என்றால் அதே ஷேடு பழுப்பேறித் தெரியும். சாம்பிள் டப்பா வாங்கி 2 அடிக்கு 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, டிவிக்குப் பக்கத்தில் ஒருநாள், எதிர்ச்சுவரில் ஒருநாள் சாய்த்துவைத்துப் பாருங்கள். டிவிக்குப் பின்னால் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டுவதானால் மட்டும் அந்த 6500 கெல்வினே சரி, படத்தின் வெண்மைக்கான தரமும் அதுதான். கலர் மாறும் ஸ்ட்ரிப் வேண்டாம்.

10 அடி உயரமுள்ள அந்த 10க்கு 12 அறைக்குக் கதவு ஜன்னல் போக 380 சதுர அடி போல் சுவர் வரும். இரண்டு கோட்டுக்கு 3 முதல் 4 லிட்டர் பிடிக்கும். முழுவதையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள், அடுத்த வாரம் கலக்கிய டப்பா அடர் ஷேடில் ஒரு நூல் மாறினாலும் தெரியும். மிஞ்சியதை மூடி இறுக்கி, ஷேடு எண்ணை டப்பா மேல் எழுதிவையுங்கள், டச்சப்புக்கு வேண்டியிருக்கும்.