டெல்டா சேற்றில் ஓடும் ஏடிவி: எந்த கூலன்ட், எந்தத் தண்ணீர்?

தலைஞாயிறுக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை, அதையொட்டி இறால் குளங்கள். கஜா புயலுக்கு அடுத்த ஆண்டு, 2019இல், ஓர் ஏடிவி வாங்கினோம்; மேடு பள்ளம், சேறு எல்லாவற்றிலும் ஓடும் நான்கு சக்கரச் சிறு வண்டி. தீவன மூட்டையைக் குளக்கரையில் ஏற்றிச் செல்ல அதைவிட வசதியான வண்டி கிடையாது. ஐப்பசி மழையில் டிராக்டர் புதையும் இடத்திலும் நாற்றுக்கட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஹெட், பிளாக் இரண்டும் அலுமினியம். குளிர்விப்பு ரேடியேட்டர் வழியாக. எஞ்சினைச் சுற்றி ஓடி அதைக் குளிரவைக்கும் திரவம்தான் கூலன்ட்; இதுவரை அதில் மூன்று வகை ஓடிவிட்டது. அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினிய எஞ்சினுக்கு என்று குறிப்பிட்ட, சிலிகேட் சேராத, நீண்ட ஆயுள் கொண்ட கரிம அமில வகை கூலன்டை, தண்ணீர் கலந்தே வரும் டப்பாவாக வாங்குங்கள். என் வண்டியின் கையேடு கேட்பதும் அதுதான். உங்கள் கையேடு வேறொன்றைச் சொன்னால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

கூலன்ட் டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது உறைநிலைதான். மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்று பனிமலைப் படத்தோடு அச்சிட்டிருப்பார்கள். மார்கழிப் பனியிலும் நம் ஊரில் நாய்க்குடை முளைக்குமே தவிரத் தண்ணீர் உறையாது. அதனால்தான் இங்கே பலரும் வெறும் தண்ணீரே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். கொதிக்காமல் காப்பதற்காவது கூலன்ட் வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். அதில் பாதிதான் உண்மை. கூலன்டின் மூலத் திரவமான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை 100இலிருந்து சுமார் 107 டிகிரிக்குப் போகும். ஆனால் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் நல்ல ரேடியேட்டர் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். கொதிநிலையைப் பொறுத்தவரை, சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் கூலன்டைவிட அந்தச் சின்ன மூடி செய்யும் வேலை பெரிது. ரப்பர் வெடித்த மூடியைப் போட்டுக்கொண்டு விலையுயர்ந்த கூலன்ட் ஊற்றுவதில் பயனே இல்லை.

கிளைக்கால் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச எந்த கூலன்டும் இல்லை. கிளைக்கால் சேரச்சேர அந்தத் திறன் குறையும். பாதிக்கு மேல் போனால் நம் வெயிலில் வண்டி கூடுதலாகத்தான் சூடாகும். தண்ணீரே இல்லாத கூலன்ட் என்று ஒன்று வருகிறது. அதன் கொதிநிலை மிக உயரம் என்பது சரிதான். ஆனால் விலையும் உயரம், வெப்பம் கடத்துவதிலோ பின்தங்கியது. கரையில் மெதுவாக ஊர்ந்து, காற்றுக்கு ஃபேனை மட்டுமே நம்பும் வண்டிக்கு நான் அதைத் தேட மாட்டேன்.

அப்படியென்றால் கூலன்ட் எதற்கு? அரிப்பைத் தடுக்க. கிளைக்காலோடு சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்தான் நாம் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். அவை உலோகத்தின் மேல் விரைவாகப் பூச்சு கட்டும். விரைவாகத் தீர்ந்தும் போகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கரிம அமில வகை மெதுவாக, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் ஐந்தாண்டு வரை தாங்கும் என்று விற்கிறார்கள். இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும். சில கலவைகள் கட்டிதட்டிக் கூழாகிவிடுவதும் உண்டு.

நிறத்தை நம்ப வேண்டாம். பச்சை என்றால் பழையது, சிவப்பு என்றால் புதியது என்று கடைக்காரர் சொல்வார். அது வெறும் சாயம். எந்த நிறத்தை எதற்குப் போட வேண்டும் என்று கட்டாய விதி இல்லை; ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியின் சிவப்புக்குச் சமமாக இருக்கலாம். டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்திய, அமெரிக்க, ஜப்பானியத் தர எண்களான ஐஎஸ் 5759, ஏஎஸ்டிஎம் டி3306, ஜேஐஎஸ் கே 2234 ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். எந்தத் தர எண்ணும் இல்லாமல் பச்சைத் தண்ணீராக விற்பதைத் தொடாதீர்கள்.

இனி என் வண்டிக் கதை. கம்பெனியிலிருந்தே ஊற்றி வந்த கூலன்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே டப்பா வேண்டுமென்றால் சென்னைக்குச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அடுத்த முறை, திருத்துறைப்பூண்டியில் கிடைத்த சாதாரணப் பச்சை வகை. உள்ளே நன்றாகக் கழுவிவிட்டுத்தான் ஊற்றினோம். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஹோஸ் கிளாம்பு ஓரங்களில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தது. பிறகு வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து கசிவு. அந்தத் துளை வைத்திருப்பதே சீல் போனதைக் காட்டிக்கொடுக்கத்தான், அடைத்துவிடக் கூடாது. சீல் மாற்றினோம். சிலிகேட் துகள்கள் சீலைத் தேய்க்கும் என்ற குற்றச்சாட்டு உண்டு. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் அதைத் தவிர்க்கச் சொல்வதும் உண்டு. ஆனால் அச்சளவு சேற்றில் ஓடும் வண்டியில் பழி முழுவதையும் கூலன்ட் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, இப்போது ஓடுவது, சிவப்பு நிறக் கரிம அமில வகை. பொருக்கு இல்லை, மட்டம் இறங்கவில்லை. இறால் குளத்துக்கு வைத்திருக்கும், அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் அவ்வப்போது நனைத்துப் பார்ப்பேன், எட்டையொட்டி நிற்கிறது. சூட்டில் கிளைக்கால் மெல்ல மெல்ல அமிலமாக மாறும். ஏழுக்குக் கீழே இறங்கினால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டும். நிறத்துக்கு அர்த்தமில்லை என்றேன். ஒரே ஒரு பயன் உண்டு. எங்கள் கறுப்புக் களியில் சிவப்புச் சொட்டு பளிச்சென்று தெரிகிறது. பச்சை சொட்டினால் பாசியோடு பாசியாகப் போய்விடும்.

டிராக்டர் கூலன்ட் மிச்சம் இருக்கிறதே, அதையே ஊற்றலாமா என்று பண்ணையில் கேட்பார்கள். கனரக டீசல் எஞ்சின்களுக்கான சில கூலன்டுகளில் நைட்ரைட் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறையான லைனரில் குமிழி வெடித்துக் குழி விழாமல் இருக்க அது வேண்டும். இந்தச் சின்ன அலுமினிய எஞ்சினுக்கு அது தேவையில்லை. மொத்தமே சில லிட்டர் பிடிக்கும் வண்டியில் அங்கே மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

இந்தக் கடலோரத்தில் கூலன்டைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயம். என் மைத்துனர் கைமாறி வந்த ஓர் ஏடிவியை வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் அதில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றியபோது உள்ளே அம்மைத் தழும்புபோல அலுமினியம் முழுக்கக் குழி. ஹோஸ் மாட்டும் வாயில் விரல்நகம் பட்டாலே உதிர்ந்தது. உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை இப்படித்தான் துளைக்கும். எந்தத் தடுப்பானும் ஓரளவுக்குத்தான் தாங்கும். "தண்ணீரில் என்ன மாமா இருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே?" என்றார் மைத்துனர். கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் குடிநீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி! செறிவு கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைத்தான் கலக்க வேண்டும். கலந்தே வரும் டப்பாவை நான் சொல்வதும் இந்தத் தொல்லைக்குப் பயந்துதான். குளத்து உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரால் கிளைக்கால் அளவைப் படிக்க முடியாது, அளவுகோல் வேறு. கூலன்டுக்கென்று தனியாக ஒன்று மலிவாகவே கிடைக்கிறது.

எந்த கூலன்ட் ஊற்றினாலும் தீராத சூடு ஒன்று உண்டு. எங்கள் வண்டியில் சூட்டு விளக்கு எரிந்த நேரங்களில் பெரும்பாலும் காரணம் வெளியேதான் இருந்தது. நடவுக் காலத்தில் ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே களி புகுந்து, வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். தை அறுவடையில் பதரும் தூசும் அதன்மேல் படியும். ஈரம் காய்வதற்குள், சாதாரண ஹோஸ் தண்ணீரில், பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பை அருகில் காட்டினால் இதழ்கள் மடங்கிவிடும். பிறகு காற்று போகாது. அடுத்து ஃபேன். உப்புக் காற்றில் அதன் கனெக்டர் பச்சை பூத்து, ஃபேன் சுற்றாமலே நின்றுவிடும். சுரண்டிச் சுத்தம் செய்து, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவினால் சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் கூலன்ட் மாற்றி மாற்றி ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றும்போது காற்றை வெளியேற்றுவது முக்கியம். குளக்கரைச் சரிவு இதற்கு நல்ல வசதி. எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடி மேலே இருக்கும்படி முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்து நிதானமாக ஊற்றி, ஐடிலில் ஓடவிட்டால் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். குமிழி நின்று மட்டம் நிலைத்த பிறகே மூட வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திருகுவது கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொள்ளும் வேலை.

வடித்த பழைய கூலன்டை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதுவே விஷம். நாயும் கன்றுக்குட்டியும் நக்கிக் குடித்துவிடும். கேனில் அடைத்து, மேலே எழுதி ஒட்டி, கழிவு ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கொடுக்கிறோம்.

குறுவைக்கு முன் அடுத்த மாற்றம். அதே சிவப்பு வகையைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். கூடவே ஒரு ரேடியேட்டர் மூடியும். இருப்பதன் ரப்பர் காய்ந்து விறைத்துவிட்டது.